இஞ்சியின் முதுகில் எத்தனை முத்திரை

அன்பு மருமகள் யாழினிக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் அனுப்பிய கட்டுரை கிடைத்தது. அந்தச் சின்னத் திரையில் என் கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து அச்செடுத்து வரச் சொன்னேன். பதினோரு பக்கம். பென்சிலைச் சீவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். முதல் தடவை படித்தபோது, நம் வீட்டுப் பெண் இப்படி எழுதுகிறாளே என்று பூரிப்பாக இருந்தது. இரண்டாம் தடவை படித்து முடிப்பதற்குள் பென்சிலை மறுபடியும் சீவ வேண்டியதாயிற்று. இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ரயில்வே மெயில் வண்டியில் நாற்பது வருஷம் ஊரார் கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் போட்ட கை இது (உறையைப் பிரித்து இல்லையம்மா, ஊர்வாரியாகப் பிரித்து). தபாலில்தான் போடுவேன் என்று அடம்பிடிக்கிறது.

‘ஆங்கிலத்துக்குத் தாய் தமிழே’ என்று தலைப்பு வைத்து 41 சொற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறாய். கொல் என்பதிலிருந்து ‘கில்’, எட்டிலிருந்து ‘எயிட்’, ஒன்றிலிருந்து ‘வன்’, காசிலிருந்து ‘கேஷ்’, அரிசியிலிருந்து ‘ரைஸ்’, இஞ்சியிலிருந்து ‘ஜிஞ்சர்’. இந்தப் பட்டியல் எனக்குப் புதிதில்லை. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே டீக்கடையில் கேட்டிருக்கிறேன். பேச்சுப்போட்டி மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நடுவர் நாற்காலியில் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அவர் முதல் மூன்று சொல்லை உடைத்துவிட்டால், பட்டியலில் நிஜமாகவே நம்முடையதாக இருக்கிற சொல்லும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஓடுகிற வண்டியில் ராத்திரி வேலை. ஒரு பழுப்பு உறை. வேலைக்கான நேர்காணல் அழைப்பு என்று மூலையிலேயே அச்சடித்திருந்தது. ஊர், புதூர். தாலுகா பெயர் மழையில் கரைந்து நீலத் திட்டாகக் கிடந்தது. ஆறு இலக்கப் பின்கோடு 1972-லேயே வந்துவிட்டது என்றாலும், அதை எழுதுகிற பழக்கம் ஜனங்களுக்கு வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. எனக்குத் தெரிந்த புதூர் ஒன்று இருந்தது. பிரிப்பு அடுக்கில் அந்த ஊருக்கான குழியில் போட்டேன். தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று யாரால் எண்ண முடியும்? பதினோரு நாள் கழித்து, ‘தவறி அனுப்பப்பட்டது’ என்ற முத்திரையோடு உறை திரும்பி என் கைக்கே வந்தது. உள்ளே குறித்திருந்த தேதி அதற்குள் போயிருக்கும். அந்தப் பையனோ பெண்ணோ யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் ஊர் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிற பழக்கம் அன்றோடு எனக்குப் போயிற்று.

உன் ‘எட்டு – எயிட்’ அப்படிப்பட்ட புதூர்தான். நிஜமான உறவு என்றால், காலத்தில் பின்னே போகப் போக இரண்டு சொல்லும் நெருங்கி வரவேண்டும். ஒரே தாத்தா வீட்டை நோக்கித்தானே நடக்கிறோம்? ஆங்கில ‘எயிட்’டின் எழுத்துக்கூட்டலைப் பார். நடுவில் உச்சரிக்காத இரண்டு எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அதற்குத் தொண்டையிலிருந்து ஒரு ‘ஹ்’ ஒலி இருந்தது. ஜெர்மன்காரர் இன்றைக்கும் ‘அஹ்ட்’ என்று அதை விடாமல் சொல்கிறார்கள். இன்னும் பின்னே போனால் லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. பழைய ரோம நாட்காட்டியில் எட்டாவது மாதமாக இருந்ததால்தான் அது அக்டோபர். இந்தப் பக்கம் நம் எட்டைப் பின்னே கொண்டு போ. எண்பது, எண்ணூறு, எண்கோணம், எண்திசை. வேர் ‘எண்’. அங்கே ‘ஆக்டோ’, இங்கே ‘எண்’. இன்று ஒட்டி உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் தெருவில் பார்த்தால்கூட அடையாளம் தெரியாது.

‘வன்’ கதையும் அதுவே. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. முன்னால் நிற்கிற அந்த ‘வ’ பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ‘ஓன்லி’, ‘அலோன்’ என்கிற சொற்களுக்குள்ளும் இருப்பது அதே ஒன்றுதான். அவற்றில் ‘வ’ ஏறவே இல்லை. இதே ரகத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் வேறொன்று உண்டு. ஆங்கிலத்திலும் ‘பேட்’ என்றால் கெட்டது. பாரசீகத்திலும் ‘பத்’ என்றால் கெட்டது. இந்தி சினிமாவில் வில்லனைத் திட்டுகிற ‘பத்மாஷ்’ அந்தப் பாரசீகச் சொல்லில் தொடங்குவதுதான். ஒலி ஒன்று, பொருள் ஒன்று, உறவு கிடையாது. உலகத்தில் இத்தனை ஆயிரம் மொழி இருக்கிறது, மனித வாயில் எழும்புகிற ஒலியோ கொஞ்சம். சில இடத்தில் இடித்துக்கொள்ளாமல் எப்படி இருக்கும்?

உன் பட்டியலில் நான் டிக் போட்ட சொல்லுக்கு வருகிறேன். இஞ்சி. நீ அதற்கு மொத்தம் இரண்டு வரி கொடுத்திருக்கிறாய். எனக்கு அதுதான் ஆதங்கம்.

பழைய பதிவுத் தபால் உறையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாயா? போகிற வழியில் கை மாறுகிற அலுவலகத்தின் வட்ட முத்திரை, தேதியோடு முதுகில் விழுந்திருக்கும். நாங்கள் ஒரு கடிதம் எங்கே தொலைந்தது என்று தேடும்போது சேருமிடத்திலிருந்து பின்னாலேதான் நடப்போம். ‘ஜிஞ்சர்’ முதுகிலும் அப்படி முத்திரைகள் இருக்கின்றன. பின்னாலிருந்தே நடப்போம்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கில வைத்தியச் சுவடிகளிலேயே இஞ்சி வந்துவிட்டது. அன்றைய வடிவம் ‘ஜிஞ்சிஃபர்’. பிறகு நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்து, பிரெஞ்சு வழியாக அதே சொல் இன்னொரு தடவை வந்து கலந்து ‘ஜிஞ்சிவெரெ’ என்று ஆயிற்று. வாய்விட்டுச் சொல்லிப் பார். கடைசியில் ஒரு ‘வேர்’ காதில் விழுகிறதா? அந்த வேரைத் தின்றுவிட்டுத்தான் இன்றைய ‘ஜிஞ்சர்’ நிற்கிறது. பிரெஞ்சுக்கு முன் இடைக்கால லத்தீனில் ‘ஜிஞ்சிபெர்’, அதற்கு முன் பழைய லத்தீனில் ‘ஸிங்கிபெரி’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’. முதல் நூற்றாண்டில் மூலிகை நூல் எழுதிய டயாஸ்கொரிடிஸ் அதைக் கிரேக்கத்தில் குறிக்கிறார். அதே நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி லத்தீனில் எழுதினார். வெசூவியஸ் எரிமலை வெடித்த 79-ஆம் ஆண்டில் அதன் அருகே செத்துப்போன மனிதர். எதையும் விசாரிக்காமல் விடாதவர். இஞ்சியை மிளகுக்கொடியின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு என்று திருத்துகிறார். விலையும் சொல்கிறார்: ராத்தல் ஆறு தினாரியம். கருமிளகு நான்குதான். பிறகு, இஞ்சி விளைவது அரேபியாவிலும் செங்கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலும் என்று எழுதிவிட்டார். சரக்கு கைமாறின துறைமுகத்தையே விளைந்த இடமாக நினைத்துக்கொண்டார் போலும். நடுத்தரகர் எவரும் கொள்முதல் செய்த ஊரைச் சொல்லமாட்டார் இல்லையா. பிளினிக்குத் தெரியாத விலாசம் அவர் எழுதிய சொல்லுக்குள்ளேயே இருந்தது.

கிரேக்கத்துக்குக் கிழக்கே வழி பிரிகிறது. ஒரு கிளை பாரசீகம், அரமேயம் என்று போய் அரபியில் ‘ஸன்ஜபீல்’ ஆயிற்று. கடைசி ‘ர்’ அங்கே ‘ல்’ ஆகிவிட்டதைக் கவனி. குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாக வருவது இந்த ஸன்ஜபீல்தான். உன் தோழி ஆயிஷாவிடம் கேட்டால் வசனத்தையே சொல்லிவிடுவாள்.

நமக்கு வேண்டிய முத்திரை பாலி மொழியில் இருக்கிறது. புத்த பிக்குகளுக்கான விதிநூலில், மகாவக்கம் என்ற பகுதியில், மருந்துகளைப் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. நோயுற்ற பிக்கு என்னென்ன வேர்மருந்தை வைத்துக்கொள்ளலாம் என்று வரிசை வருகிறது. மஞ்சள், அடுத்து ‘சிங்கிவேர’, பிறகு வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, கோரைக்கிழங்கு. எனக்கு முதன்முதலில் அதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு உங்கள் பாட்டி எழுதிக்கொடுக்கிற நாட்டு மருந்துக் கடைச் சீட்டு மாதிரியே இருந்தது. நிஜமாகவே ஒரு நாள் அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் தெரு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் படியேறி இறங்கி நாலு டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பொட்டலம் கட்டிவிட்டு, “குழந்தைக்கா சார், எத்தனை மாசம்?” என்று கேட்டார். பொட்டலம் ஒவ்வொன்றையும் பிரித்து முகர்ந்தேன். வசம்பின் வாடை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

‘சிங்கிவேர’. பின்பாதி ‘வேர்’ என்பது உனக்கே பளிச்சென்று தெரியும். சிக்கல் முன்பாதியில். நம்முடையது இஞ்சி, அங்கே முன்னால் ஒரு ‘ச’ நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது?

சமஸ்கிருதப் பண்டிதர்களிடம் ரெடியாக ஒரு பதில் இருந்தது. அவர்கள் சொல்லை ‘ச்ருங்கவேர’ என்று எழுதினார்கள். ச்ருங்கம் என்றால் கொம்பு. இஞ்சியைப் பார், மான்கொம்பு மாதிரி கிளைவிட்டிருக்கிறதே, ஆகவே கொம்பு வடிவம் கொண்டது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சென்னையில் ஹாமில்டன் என்பவர் பெயரில் ஒரு பாலம் இருந்தது. ஜனங்கள் வாயில் அது ‘அம்பட்டன் வாராவதி’ ஆயிற்று. பிறகு வெள்ளைக்காரர்களே அதைத் திரும்ப மொழிபெயர்த்து, முடிதிருத்துகிறவர் பாலம் என்ற பொருளில் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்றார்கள். புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ள நாக்கு துடிக்கும். எல்லா மொழிக்காரருக்கும் இந்த வியாதி உண்டு. இஞ்சிப் பண்டம் ஒன்றுக்குப் பழைய பிரெஞ்சில் இருந்த பெயரின் வால்பகுதியை ஆங்கிலேயர் ‘பிரெட்’ என்று கேட்டு ‘ஜிஞ்சர்பிரெட்’ ஆக்கினார்கள். ரொட்டிக்கும் அதற்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே இல்லை. கொம்புக் கதையும் அப்படிப் பிற்பாடு செய்த ஒட்டுவேலை.

1886-இல் யூல், பர்னல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள், இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் ஏறின சொற்களுக்கு ஓர் அகராதி போட்டார்கள். ஹாப்சன்-ஜாப்சன் என்று பெயர். பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாமல் கிடந்த ஒரு பிரதிக்கு நான் ஒரு மாதச் சிகரெட் காசைக் கொடுத்தேன் (அதற்குப் பிறகு சிகரெட்டே போயிற்று, உன் அத்தை அந்தப் புத்தகத்தைச் சாமி மாடத்தில் வைக்கச் சொன்னாள்). அதில் கொம்புக் கதை கற்பனை என்று சொல்லிவிட்டு, மலையாளத்தில் இஞ்சி, இஞ்சிவேர் என்று இருப்பதைக் காட்டி, இதற்கு முன்னால் ஒரு காலத்தில் ‘சிஞ்சி’ போல ஒரு வடிவம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்திருக்கிறார்கள். ஊகம் மட்டும்தான்.

சாட்சி வர அறுபது வருஷம் ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த தாமஸ் பர்ரோ 1947-இல் ஒரு கட்டுரை எழுதினார். தெற்கத்தித் திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் இருந்த ‘ச’ பல இடத்தில் உதிர்ந்துவிட்டது என்று ஜோடி ஜோடியாக எடுத்துக் காட்டினார். இதைப் பார்க்க நீ ஆக்ஸ்ஃபோர்டு போக வேண்டாம். சிறகு, இறகு. சிப்பி, இப்பி. சமை, அமை. நம் வீட்டுக்குள்ளேயே இரண்டு வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. நாம் ஆறு என்கிற எண்ணை மத்திய இந்தியாவில் கோண்டி பேசுகிறவர்கள் ‘சாருங்’ என்கிறார்கள். அவர்களிடம் ‘ச’ பிழைத்துக்கொண்டது. அடுத்து, இகர எகரத்துக்குப் பக்கத்தில் வருகிற ‘க’வைச் ‘ச’வாக இழைப்பதும் நம் நாக்கின் பழக்கம்: கன்னடர் ‘கிவி’ என்பார்கள், நாம் செவி என்போம். இரண்டையும் சேர்த்துப் பார். ‘சிங்கி’ என்ற பழைய சொல்லை வடக்கே வியாபாரியோ பிக்குவோ வேரோடு சேர்த்து வாங்கிப் போய் ‘சிங்கிவேர’ என்று பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். தெற்கே நாம் அதையே தேய்த்துத் தேய்த்து இஞ்சி ஆக்கிவிட்டோம். நாம் தொலைத்த எழுத்து பாலிக்காரர் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

இந்த இடத்துக்கு வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஒரு சொல் கிளம்பின ஊரில் மாறிவிட, அதன் பழைய முகம் அந்நிய தேசத்தில் இருக்கிறது. வடக்கேயே இப்போது யாரும் அதைப் பேச்சில் சொல்வதில்லை. இந்தியில் இஞ்சி ‘அத்ரக்’, சுக்கு ‘சோண்ட்’. இலங்கையில் சிங்களவர் மட்டும் ‘இங்குரு’ என்று அதே வம்சத்தின் ஒரு பேரப்பிள்ளையை வைத்திருக்கிறார்கள்.

உன் கட்டுரையில் நீ அடிக்கோடிட்ட வாக்கியம் ஒன்று: “ஜெர்மானியர் இன்றும் இங்வேர் என்று நம் இஞ்சிவேரை அப்படியே உச்சரிக்கின்றனர்!” ஆச்சரியக்குறி வேறு. அம்மா, அங்கேதான் கண்ணி. பழைய ஜெர்மன் சுவடியில் அது ‘ஜிஞ்சிபெரோ’ மாதிரி, முன்னால் மெய்யெழுத்தோடு இருக்கிறது. லத்தீனிலிருந்து வாங்கினது. பிறகு அவர்கள் நாட்டில், அவர்கள் போக்கில், அந்த முதல் மெய் உதிர்ந்து ‘இங்வேர்’ ஆயிற்று. நாமும் முதல் எழுத்தை உதிர்த்தோம், அவர்களும் உதிர்த்தார்கள். இரண்டுக்கும் இடையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலும், பல கடல்களும் இருக்கின்றன. உன் பட்டியலிலேயே பார்க்க மிகவும் ஒட்டுகிற ஜோடி அது. வம்சம் உண்மை, முகஜாடை தற்செயல். ஆச்சரியக்குறி போட வேண்டிய இடமும் அதுவேதான், ஆனால் வேறு காரணத்துக்கு.

இஞ்சிக்கே தனியாக ஒரு புத்தகம் இருக்கிறது, தெரியுமா? ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயர் 1952-இல் எழுதினார். அந்த ஒரு சொல்லின் பயணம் மட்டும்தான் விஷயம். பிற்பாடு, இங்கிலாந்தின் மேட்டுக்குடியினர் எந்தச் சொல்லைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்று எழுதி அந்த நாட்டையே கலகலக்க வைத்தவரும் அவர்தான். ஒரு சொல்லுக்கு ஒரு புத்தகம். நீ இரண்டு வரி.

கோபித்துக்கொள்ளாதே. இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அது உனக்குக் கொஞ்சம் கசக்கும். மேற்கே போன சொல் நம் வீட்டிலிருந்து கிளம்பியது என்பது வரைக்கும் முத்திரை தெளிவு. இஞ்சி தமிழ் மண்ணில்தான் பிறந்தது என்று அதற்கு மேல் ஒரு படி ஏறிவிடாதே. இஞ்சிச் செடி இன்று எங்கும் காட்டுச்செடியாகத் தானே முளைத்துக் கிடைப்பதில்லை. மனிதர் நட்டால்தான் உண்டு. தென்கிழக்கு ஆசியத் தீவுப் பக்கம் அது முதலில் பயிரானது என்பதுதான் தாவர ஆராய்ச்சிக்காரர்களின் பொதுவான எண்ணம். தாய்லாந்தில் இஞ்சிக்குப் பெயர் ‘கிங்’, சீனத்தில் ‘ஜியாங்’. கன்ஃபூசியஸ் சாப்பாட்டில் இஞ்சி தவறாது என்று அவருடைய சீடர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். நம் பழைய ‘சிங்கி’யை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள் உண்டு. செடியோடு பெயரும் கிழக்கிலிருந்து நமக்கு வந்திருக்கலாமோ என்று. சட்டென்று பதறாதே, உடனே ஒப்புக்கொள்ளவும் செய்யாதே. அதுவும் இப்போதைக்கு ஜாடைதான், நடுவில் முத்திரை இல்லை. ‘எட்டு – எயிட்’டுக்கு நான் சொன்ன சட்டம் ‘இஞ்சி – கிங்’குக்கும் செல்லும். நமக்குச் சாதகமான இடத்தில் ஒரு தராசு, பாதகமான இடத்தில் ஒரு தராசு என்று வைத்தால் அது மளிகைக் கடைக்குக்கூட ஆகாது.

அரிசிக்கும் ‘ரைஸ்’ஸுக்கும் வருவோம். கால்டுவெல் ஐயர் காலத்திலிருந்தே, ‘ரைஸ்’ஸுக்கு மூலமான கிரேக்க ‘ஒரிஸா’வை அரிசியோடு முடிச்சுப் போடுவது வழக்கம். ஆனால் கிரேக்கர்கள் நெல்லைப் பற்றி நன்றாகக் கேள்விப்பட்டது அலெக்சாண்டர் கிழக்கே வந்த காலத்தை ஒட்டி. நடுவில் ஈரானிய மொழிகள் இருக்கின்றன. பாரசீகத்தில் அரிசி ‘பிரிஞ்ச்’. நம் கல்யாண வீட்டு ‘பிரிஞ்சி’ ஞாபகத்துக்கு வருகிறதா? சமஸ்கிருதத்தில் ‘வ்ரீஹி’. இவற்றுக்கெல்லாம் பின்னால், தெலுங்கில் நெல்லுக்குச் சொல்கிற ‘வரி’யோடு சேர்கிற ஒரு பழைய திராவிடச் சொல் இருக்கக்கூடும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வழக்கு இன்னும் நடக்கிறது. நடக்கிற வழக்கில் நீ தீர்ப்பு எழுதிவிட்டாய்.

‘கேஷ்’ விஷயத்தில் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்து, “காசுதான் கேஷ் ஆயிற்று!” என்று நானே முழங்கினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால் அங்கே இரண்டு ‘கேஷ்’ தனித்தனியாக நிற்கிறது. பணம் என்ற பொருளில் இன்று எல்லோரும் சொல்கிற ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலம் பெட்டி என்று பொருள்படும் லத்தீன் ‘கப்ஸா’. இன்னொரு ‘கேஷ்’ உண்டு: கிழக்கு நாடுகளில் புழங்கிய சல்லி நாணயத்துக்கு வெள்ளைக்காரர் சொன்ன பெயர். அதுதான் நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்று கணக்கு. ஒரே பெயரில் ஒரே தெருவில் இரண்டு பேர் குடியிருக்க, தபால்காரன் நான் கதவு மாற்றித் தட்டிவிட்டேன்.

பாவாணரைப் படித்திருக்கிறாய் என்று உன் நடையிலேயே தெரிகிறது. படி. தமிழுக்குள் ஒரு வேரிலிருந்து சொற்கள் எப்படிக் கிளைத்துக்கொண்டே போகின்றன என்று அவர் காட்டுகிற பக்கங்களில் நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். கடல் தாண்டி ஆங்கிலத்துக்குள் அவர் தாவுகிற இடங்களில் மட்டும் என் பென்சில் நின்றுவிடும். பெரியவர்களிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமா என்ன. பக்கத்திலேயே பர்ரோவும் எமனோவும் சேர்ந்து செய்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வைத்துக்கொள். 1961-இல் முதல் பதிப்பு, 1984-இல் திருத்திய பதிப்பு. உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் தூசி தட்டி எடு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி எப்படி உருவானது என்பதை எங்கள் துறை ஆட்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். ஜேம்ஸ் மர்ரே என்ற மனிதர், தோட்டத்துத் தகரக் கொட்டகை ஒன்றில் 1,029 குழி வைத்த அடுக்கு செய்துகொண்டார். அசல் சார்ட்டிங் அடுக்கு! உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள், ஒரு சொல் எந்தப் புத்தகத்தில், எந்த வருஷம், எந்த வாக்கியத்தில் வருகிறது என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு வருகிற, அவர் போடுகிற கடிதம் தாங்காமல் தபால் இலாகா அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டியை நட்டுவிட்டது. முதல் பகுதி 1884-இல் வந்தது. முழுதும் முடிந்தபோது 1928. மர்ரே அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே இறந்துபோனார். நீ செய்ய வேண்டியதும் அந்தத் துண்டுச்சீட்டு வேலைதான். ஒரு சொல், ஒரு சீட்டு, ஒரு வருஷம். மதுரைக்காஞ்சியில் இஞ்சியும் மஞ்சளும் பச்சை மிளகும் சேர்ந்து வருகிற இடத்தைத் தேடி எடுத்து முதல் சீட்டில் எழுது. அதே இஞ்சிக்குச் சங்கத் தமிழில் கோட்டை மதில் என்றும் பொருள் உண்டு. அது வேறு புதூர், அதற்கு வேறு குழி.

போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறாய். நாற்பது சொல்லை எடுத்துவிடு. இஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு பதினோரு பக்கம் எழுது. பாலிக்காரர், கிரேக்கர், ரோமர், அரபியர், பிரெஞ்சுக்காரர் என்று வழியில் தூக்கிச் சுமந்தவர்கள் பெயரையெல்லாம் போடு. தமிழ்ச் சொல்லை அவர்கள் வாங்கிப் புழங்கினார்கள் என்று காட்டுவதில் நமக்குக் குறைச்சல் எதுவும் வந்துவிடாது. தலைப்பையும் மாற்று.

எடுத்துப்போட்ட நாற்பதில் இன்னொன்றை உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். மாங்காய். ஆங்கில ‘மேங்கோ’ போர்ச்சுகீசிய ‘மங்கா’விலிருந்து வந்தது என்பது வரை தகராறு இல்லை. போர்ச்சுகீசியர் அதை யாரிடம் வாங்கினார்கள்? மலையாளத்தில் ‘மாங்ங’. மலாயில் ‘மங்கா’, மலாய்க்காரருக்கு அது நம் மாங்காயிலிருந்து போயிருக்கிறது. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினார். மலாக்காவைப் போர்ச்சுகீசியர் பிடித்தது 1511-இல். நடுவில் பதின்மூன்று வருஷம். அந்தக் காலத்துப் பயணிகள் எழுதி வைத்தது நிறைய இருக்கிறது. பழத்தின் பெயரை யார், எந்தத் துறைமுகத்தில், எந்த வருஷம் முதலில் எழுதினார் என்று பார்.

அம்மாவிடம், போன தடவை கொடுத்துவிட்ட இஞ்சி மொரப்பா தீர்ந்துபோயிற்று என்று சொல். உன் கட்டுரையைப் பென்சில் குறிப்போடு இத்துடன் வைத்திருக்கிறேன். சுயவிலாசமிட்டு தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது, பின்கோடு போட்டிருக்கிறேன். பதிலை போனில் அனுப்பாதே.

அன்புடன்,
மாமா